கார் பெயிண்டில் ஒட்டிய பசை, ரப்பர் பால், தார்: பளபளப்பு கெடாமல் எடுப்பது எப்படி?

கல்யாணம் முடிந்து நான்கு நாள் ஆன வண்டி. பானெட்டில் பூமாலையை நிறுத்த ஒட்டிய டேப்பை உரித்தால் பிளாஸ்டிக் மட்டும் கையோடு வருகிறது, பசை அப்படியே நிற்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார்கள், பாத்திரம் தேய்க்கும் நாரை எடுக்கிறார்கள். கடைசியில் யாராவது ஒருவர், "தின்னர் போடு மக்கா, போயிரும்" என்பார். பசை போய்விடும். அந்த இடத்துப் பளபளப்பும் சேர்ந்தே போய்விடும்.

குமரி மாவட்டத்தில் வண்டியில் ஒட்டுவதற்குப் பொருளுக்குப் பஞ்சமில்லை. குலசேகரம், அருமனை, திருவட்டார் பக்கம் ரப்பர் பால். வீட்டு முற்றத்துச் சக்கை (பலா) மரம், மாமரம், பலா இனத்து அயனி மரம். புதிதாகத் தார் போட்ட சாலை. கல்யாண டேப், தேர்தல் ஸ்டிக்கர், சபரிமலைக்குப் போய்வந்த வண்டியின் சந்தனப் பொட்டு. எல்லாமே 'பிசுபிசு' என்றுதான் இருக்கும், ஆனால் ஒன்றைக் கரைப்பது மற்றொன்றைக் கரைக்காது. ஒன்றுக்கு நல்லதாக இருப்பது இன்னொன்றைக் கல்லாக இறுக்கியும் விடும். அதனால் எதை ஊற்றுவது என்பதற்கு முன், ஒட்டியிருப்பது எது என்று தெரிய வேண்டும். தெரிந்தபின் ஊறவிட வேண்டும். இந்த வேலையில் கையின் பலத்துக்கு அதிக இடமில்லை.

மேல்பூச்சு எவ்வளவு மெல்லியது

கம்பெனியிலிருந்து வரும் காரின் தகட்டில் பிரைமர், நிறப்பூச்சு, கிளியர் கோட் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் தடிமன் இருக்கும். அதில் எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாமல் பளபளக்கும் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்று ஏறத்தாழ 70 மைக்ரான். அதாவது, நாம் கை வைக்கும் அந்தப் பூச்சு ஒரு முடியைவிட மெல்லியது. வெயிலில் நிறம் வெளுக்காமல் காப்பதும் அதுதான்.

கம்பெனிப் பெயிண்ட் 140 டிகிரி செல்சியஸ் அளவிலான சூட்டில் வேகவைத்து இறுகியது. அதனால் மண்ணெண்ணெய், டர்பென்டைன் போன்றவற்றைச் சில நிமிடங்கள் தாங்கும். அடிபட்டு, டிங்கரிங் பார்த்து, மறுபடி அடித்த பெயிண்ட் அவ்வளவு சூடு பார்த்ததில்லை. அது மென்மையானது. அடித்து ஒரு மாதம்கூட ஆகாதது என்றால் எந்தக் கரைப்பானும் வேண்டாம், தண்ணீரும் ஷாம்பும் மட்டும் போதும்.

மறுபெயிண்ட் பார்த்த வண்டியா என்று அறிய, கதவைத் திறந்து விளிம்பைப் பாருங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டிய இடத்தில் ஒரு மெல்லிய கோடு தெரியும், கதவோர ரப்பர் பட்டையான பீடிங்கில் பெயிண்ட் தூவல் ஒட்டியிருக்கும். பழைய வண்டி வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்த்துவிட வேண்டும்.

எது ஒட்டியிருக்கிறது?

தண்ணீரில் கரைபவை ஒரு கூட்டம்: அக்கானி (பதநீர்), சர்பத், சந்தனம், மாமரப் பூச்சி கசியவிடும் தேன் போன்ற நீர். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் போட்டு வைத்தால் இளகிவிடும்.

எண்ணெயில் இளகுபவை இரண்டாவது கூட்டம்: டேப் பசை, சக்கைப் பசை, தார், மரப்பிசின். இவற்றில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பயனில்லை.

ரப்பர் பால் இரண்டுக்கும் நடுவில். ஈரமாக இருக்கும்வரை தண்ணீரில் போகும், காய்ந்துவிட்டால் எண்ணெய்ப் பக்கம் சேர்ந்துவிடும்.

நான்காவதாக, ஒட்டுவது போல் தெரிந்தாலும் உண்மையில் அரிப்பவை: காக்கை எச்சம், தேனீ எச்சம், கொல்லாம்பழச் (முந்திரிப்பழச்) சாறு. இவற்றில் பார்க்க வேண்டியது நேரம்தான்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சிறு மூலையில் ஈரத்துணியை ஐந்து நிமிடம் வையுங்கள். இளகினால் முதல் கூட்டம். இல்லையென்றால் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் வைத்துப் பத்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள்.

வாங்கி வைக்க வேண்டியவை

மைக்ரோஃபைபர் துணி ஆறு. கார் ஷாம்பு. இரண்டு வாளி. தேங்காய் எண்ணெய் 100 மி.லி. பெயிண்ட் கடையில் மினரல் டர்பென்டைன் அரை லிட்டர். மருந்துக் கடையில் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மி.லி. வீட்டில் இருக்கும் ஹேர் டிரையர். பழைய ஏடிஎம் கார்டு ஒன்று. கைக்கு நைட்ரைல் கையுறை. கடைசியில் பூச ஒரு டப்பா வாக்ஸ். கையைத் துடைக்கும் சானிடைசரை ஆல்கஹாலுக்குப் பதிலாக எடுக்க வேண்டாம். அதில் சேர்த்திருக்கும் கிளிசரின் தகட்டில் படலமாக நின்றுவிடும்.

டர்பென்டைன் வாங்கும்போது மூடி முத்திரையுள்ள டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். தின்னரும் நிறமில்லாதது, டர்பென்டைனும் நிறமில்லாதது. சில்லறையாகப் பாட்டிலில் ஊற்றித் தரும்போது மாறிப்போனால் பானெட் போய்விடும்.

தின்னர், அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி மூன்றும் காரின் பக்கமே வரக் கூடாது. இவை பசையோடு நிற்காமல் கிளியர் கோட்டையும் இளக்கும். பெட்ரோலும் வேண்டாம். தொட்ட சில நொடியில் ஆவியாகிவிடுவதால் பசை ஊற நேரம் கிடைக்காது, நாம் திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டி வரும், கீறல் விழுவது அப்படித்தான். நம் ஊர் வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், இரும்பு நார், பிளேடு, சோப்புத்தூள் இவற்றுக்கும் பெயிண்டின் மேல் இடமில்லை. மண்ணெண்ணெய் தாருக்கு ஆகும். ஆனால் எண்ணெய்ப் படலம் விடும் என்பதால், டர்பென்டைன் கிடைக்காதபோது மட்டும் போதும்.

கழுவாமல் தொடாதீர்கள்

நம் மாவட்டத்தில் இந்தப் படிக்கு மற்ற ஊர்களைவிட முக்கியத்துவம் அதிகம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அரசு நிறுவனம் பிரித்தெடுக்கும் கருமணலில் இல்மனைட், சிர்கான், கார்னெட் எல்லாம் இருக்கின்றன. கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யப் பயன்படும் கல். அப்படிப்பட்ட மணல் காற்றில் பறந்து வண்டியின் மேல் படிந்திருக்கும்போது காய்ந்த துணியால் ஒரு துடை துடைத்தால், உப்புத்தாளால் துடைத்த மாதிரிதான். குளச்சல், முட்டம், மண்டைக்காடு, சொத்தவிளை என்று கடல் பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புப் படிவும் சேரும். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றில் புழுதி பிசினில் ஏறி ஒட்டிக்கொள்ளும். பிசினுக்குள் மாட்டிய மணல்தான் மிக மோசம், துணி நகரும்போது அதுவும் கூடவே நகரும்.

எனவே வண்டியை நிழலில் நிறுத்தி, தகடு கைக்குக் குளிர்ந்ததும் மேலிருந்து கீழாக மூன்று நான்கு நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் செய்வது நல்லது. பிரஷர் வாஷர் என்றால் முனையை ஒரு அடிக்குமேல் தள்ளிப் பிடியுங்கள். பெயிண்ட் பெயர்ந்த ஓரத்தில் நேராக அடித்தால் இன்னும் பெயர்த்துவிடும். பிறகு 10 லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 மி.லி. கார் ஷாம்பு ஒரு வாளியில், சாதாரணத் தண்ணீர் இன்னொரு வாளியில். துணியை ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சாதாரண வாளியில் அலசிவிட்டுத்தான் ஷாம்பில் முக்க வேண்டும். கடலோர ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது குடிதண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் தகட்டிலேயே காய்ந்தால் வெள்ளை வட்டம் விழும்.

ஓரத்தில் ஒரு சோதனை

டர்பென்டைனில் நனைத்த வெள்ளைத் துணியை, வேலை செய்யப்போகும் அதே பாகத்தின் கீழ் விளிம்பில் 30 நொடி வையுங்கள். பெட்ரோல் மூடிக்கு உள்ளே சோதித்துப் பார்ப்பது பலருக்கு வழக்கம். ஆனால் மூடி கம்பெனிப் பெயிண்டாகவும் கதவு மறுபெயிண்டாகவும் இருந்தால் அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. துணியில் வண்டியின் நிறம் ஏறினாலோ, தொட்டால் தகடு ஒட்டினாலோ, பளபளப்பு மங்கினாலோ டர்பென்டைனை மூடி வைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெயோடு நின்றுகொள்ளுங்கள். நேரம் கூடும், அவ்வளவுதான்.

டேப், ஸ்டிக்கர்

புதிய டேப் பசை மெதுவாக இருக்கும். சித்திரை வெயிலில் மாதக்கணக்கில் நின்ற ஸ்டிக்கரின் பசையில் இளக்கம் கொடுக்கும் பொருள் வற்றி, கண்ணாடிச் சில்லு மாதிரி உடையும். இரண்டுக்கும் முறை ஒன்றே, பொறுமைதான் வேறு.

1. ஸ்டிக்கர் இன்னும் இருந்தால் ஹேர் டிரையரை 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே 45 முதல் 60 நொடி சூடு காட்டுங்கள். விரலை வைத்தால் இரண்டு மூன்று நொடி தாங்க வேண்டும். தாங்காத சூடு பெயிண்டுக்கும் கூடுதல்தான். பெயிண்டர்கள் வைத்திருக்கும் ஹீட் கன் வேண்டாம். ஒரு நிமிடக் கவனக்குறைவில் பிளாஸ்டிக் பம்பர் நெளிந்துவிடும்.

2. மூலையை நகத்தால் கிளப்பி, நம் பக்கம் நேராக இழுக்காமல், ஸ்டிக்கரை அதன் மேலேயே மடித்துத் தகட்டோடு ஒட்டினாற்போல் மெதுவாக இழுங்கள். ஒரு நொடிக்கு அரை விரல் அகலம் நகர்ந்தால் போதும். வேகமாக இழுத்தால் மேல்தாள் மட்டும் கிழிந்து பசை முழுக்கத் தங்கும். இறுகுவது போல் தோன்றினால் நிறுத்தி மறுபடி சூடு காட்டுங்கள்.

3. தங்கிய பசைமேல் தேங்காய் எண்ணெயைப் பஞ்சால் தாராளமாகப் பூசி, பாலிதீன் தாளால் மூடி 20 நிமிடம் விடுங்கள். வெயிலில் காய்ந்த பழைய பசைக்கு 40 நிமிடம்.

4. விரல் நுனியால் வட்டமாக உருட்டுங்கள். ஊறியிருந்தால் பசை சிறு சிறு புழுப்போல் திரளும். திரளாமல் வழவழவென்று பரவினால் இன்னும் ஊற வேண்டும், அழுத்துவதால் பயனில்லை. திரண்டதைத் துணியால் ஒரே திசையில் எடுத்துவிடுங்கள். துணியை எட்டாக மடித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் புது முகத்தைத் திருப்புங்கள். பசை ஏறிய அதே முகத்தால் தொடர்ந்தால் எடுத்ததையே பக்கத்தில் பூசிக்கொண்டிருப்போம்.

5. அதற்கும் மசியாத தீவுகள் இருந்தால், டர்பென்டைன் நனைத்த துணியை அதன்மேல் இரண்டு மூன்று நிமிடம் ஒற்றி வையுங்கள். சொட்டச் சொட்ட வேண்டாம். ஏடிஎம் கார்டின் முனைக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு சாய்வாகத் தள்ளுங்கள்.

6. உடனே ஷாம்புத் தண்ணீரால் கழுவுங்கள். கரைப்பானைப் பெயிண்டில் காயவிடுவதுதான் பாதிக் கேடுகளுக்குக் காரணம்.

எல்லாம் போன பிறகும் ஸ்டிக்கர் இருந்த வடிவம் தெரிகிறதா? ஈர விரலை ஓட்டிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் அது பசை இல்லை. சுற்றியுள்ள பெயிண்ட் வெயிலில் வெளுத்து, ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது பழைய நிறத்திலேயே நிற்கிறது. அதை எந்த எண்ணெயும் எடுக்காது. பாலிஷ் போட்டால் ஓரளவு கலந்துவரும்.

கதவின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் பீடிங் பட்டை, கம்பெனிச் சின்னம் போன்றவற்றின் பின்னால் இருக்கும் ஃபோம் டேப் தனி ரகம். சூடு காட்டிவிட்டு, மீன்பிடிக்கும் தங்கூசி நரம்பை இரு கையிலும் சுற்றி, சின்னத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் ரம்பம் போல் முன்னும் பின்னும் ஓட்டினால் ஃபோம் அறுந்து சின்னம் முழுதாகக் கழன்று வரும். 0.4 அல்லது 0.5 மி.மீ. நரம்பு சரியாக இருக்கும். நரம்பு தகட்டில் உரசாமல் ஃபோமுக்குள்ளேயே ஓட வேண்டும், ஷாம்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே ஓட்டுங்கள். தகட்டில் நிற்கும் ஃபோமை டர்பென்டைனில் ஐந்து நிமிடம் ஊறவைத்துக் கட்டைவிரலால் உருட்டுங்கள். டிரில் மெஷினில் மாட்டும் ரப்பர் சக்கரம் இந்த வேலையை வேகமாக முடிக்கும் என்பது உண்மை. ஆனால் ஓர் இடத்தில் இரண்டு நொடி நின்றாலும் பெயிண்ட் சூடேறும். மறுபெயிண்ட் செய்த தகட்டில் அதைத் தொட வேண்டாம்.

ரப்பர் பால்

பாலை மரத்தின் சிரட்டையிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து கேனுக்கும் மாற்றும்போது தெறிக்கும். கேனை டிக்கியில் ஏற்றும்போது பம்பரில் வழியும். வழிந்த அரை மணிக்குள் பார்த்துவிட்டால் வேலை மிக எளிது. தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, ஷாம்புத் துணியால் ஒற்றி எடுத்தால் தடயமே இருக்காது. கெட்டியாகாமல் இருக்க அம்மோனியா சேர்த்த பால் என்றால் அது காரத்தன்மை உள்ளது, இன்னும் சீக்கிரம் கழுவ வேண்டும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு ஒன்றுண்டு. கறைக்கு நல்லது என்று எலுமிச்சம்பழம், புளித் தண்ணீர், வினிகர் இவற்றை ஊற்றுவது. பாலை உறையவைத்து ரப்பர் ஷீட் அடிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை: பாலை உறைய வைக்க டிஷ் என்னும் தட்டில் ஊற்றுவதே ஃபார்மிக் ஆசிட்தான். புளிப்பு எதுவாக இருந்தாலும் பால் உறையும். தண்ணீரில் கழுவிவிடக் கூடியதைக் கதவின்மேலேயே ஷீட்டாக ஆக்கிக்கொள்வோம்.

காய்ந்த பால் இரண்டு நிலையில் இருக்கும். ஒரு நாள் இரண்டு நாள் ஆனது வெண்மையாகவோ கண்ணாடிபோலவோ தெரியும். அதன் ஓரத்தை ஷாம்புத் தண்ணீரால் நனைத்துக் கட்டைவிரலால் உள்நோக்கித் தள்ளுங்கள். ஓரம் சுருண்டு, விரலுக்கடியில் அழிரப்பர் தூள்போல் உருளத் தொடங்கும். ஒரு முனை எழும்பியதும் பிடித்து இழுத்தால் தோலாகவே உரிந்து வரும். பட்டையில் வெட்டிய கோட்டில் காய்ந்து நிற்கும் ஒட்டுப்பாலை மரத்திலிருந்து உரிப்பது மாதிரிதான் இதுவும். இதில் கரைப்பானே தேவையில்லை.

வாரக்கணக்கில் ஆகிப் பழுப்பேறியது உரியாது. டர்பென்டைனில் நனைத்த துணியை நான்கு நிமிடம் போட்டு வையுங்கள். ரப்பர் கரைந்து ஓடாது, ஊதிப்போய்க் கொழகொழவென்று ஜெல்லி மாதிரி ஆகும். டயரைப்போல் கந்தகம் சேர்த்து வேகவைக்காத ரப்பர் என்பதால்தான் இப்படி இளகுகிறது. ஜெல்லியானதை ஏடிஎம் கார்டால் வழித்தெடுத்து, கழுவி, மறுபடி ஒரு முறை. மூன்று சுற்றுவரை ஆகலாம். ஒரே சுற்றில் முடிக்க அரை மணி நேரம் டர்பென்டைன் துணியை மூடி வைப்பது வேண்டாம். நான்கு நிமிடமாக மூன்று முறை என்பதைப் பெயிண்ட் தாங்கும், ஒரே மூச்சில் முப்பது நிமிடத்துக்கு உத்தரவாதம் கிடையாது.

ரெயின்கார்டு பசையும் சாலைத் தாரும்

மழைக்காலம் தொடங்கும் முன் ரப்பர் மரங்களில் ரெயின்கார்டு என்னும் பிளாஸ்டிக் மறைப்பு ஒட்டுவார்கள். அதற்கான கறுப்புப் பசை தார் கலந்தது. கையில், உடுப்பில், அங்கிருந்து வண்டிக் கதவில் என்று ஏறிவிடும். சாலைத் தாருக்குச் சொல்வதுதான் இதற்கும்.

கட்டியாக இருந்தால் முதலில் குளிரவையுங்கள். தகடு நிழலில் நன்றாக ஆறிய பிறகு, பாலிதீன் பையில் ஐஸ்கட்டி போட்டு இரண்டு மூன்று நிமிடம் தார்க்கட்டி மேல் வைத்தால் அது இறுகிவிடும். கார்டு முனையால் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் சில சமயம் முழுக் கட்டியும் தெறித்து வரும். வெயிலில் கொதிக்கும் தகட்டில் ஐஸை வைக்காதீர்கள். நடுப்பகல் சூட்டில் தாரைத் துடைக்கவும் வேண்டாம். ஒரு புள்ளியாக இருந்தது ஒரு சாண் கறையாகப் பரவும்.

மீதிக் கறைக்கு டர்பென்டைன் துணியை இரண்டு நிமிடம் ஒற்றி, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. துணியில் பழுப்பு நிறக் கோடு இறங்கினால் சரியாகப் போகிறது. சக்கரத்துக்குப் பின்னால் கதவின் கீழ்ப்பகுதியில் பொட்டுப் பொட்டாகத் தெறித்தவற்றை ஒவ்வொன்றாக எடுங்கள். மொத்தமாக வட்டமாகத் தேய்த்தால் தாரோடு சேர்ந்த ஜல்லித் தூள் கீறும். இந்த வேலை சக்கரத்துக்குப் பக்கத்தில் நடப்பதால், பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் ஒரு சொட்டுகூடப் படாமல் பழைய துண்டால் சக்கரத்தை மூடிவிட்டே தொடங்குங்கள். எண்ணெய் பட்ட பிரேக் பிடிக்காது.

மரத்தடிச் சங்கதிகள்

சக்கைப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் என்பது சக்கை வெட்டும் எல்லா வீட்டுக்கும் தெரியும். பெயிண்டிலும் அதேதான், 15 நிமிடம். அயனிக்கும் அப்படியே. மாங்காய்க் காம்பிலிருந்து வடியும் பால் வேறு: தோலையே பொள்ள வைக்கும் அது. அன்றே கழுவுங்கள். மாம்பூக் காலத்தில் மரத்தடியில் நிற்கும் வண்டி முழுக்கப் பிசுபிசுப்பான படலம் ஏறும். கை தாங்கும் வெந்நீரில் ஷாம்பு கலந்து கழுவினால் போதும். விட்டுவைத்தால் அந்த இனிப்பில் கரும்பூஞ்சை வளரும்.

மார்த்தாண்டம் பக்கம் வண்டியில் கடுகளவு மஞ்சள் பொட்டுகள் தெரிந்தால் அது தேனீ எச்சம். ரப்பர் துளிர்க்கும் தை, மாசி, பங்குனியில் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீருக்காகத் தோட்டங்களில் தேன் பெட்டிகள் வைக்கும் காலம் அது. காய்ந்த பொட்டைச் சுரண்டாமல் ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு ஒற்றி எடுங்கள். காக்கை எச்சத்துக்கும் இதேதான், ஆனால் அதே நாளில். கொல்லாம்பழச் சாறும் கொல்லாங்கொட்டைத் தோட்டு எண்ணெயும் பட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். தோட்டு எண்ணெய் கையைப் புண்ணாக்கும், கையுறை போட்டுக்கொண்டே தொடுங்கள்.

பெயிண்ட் அல்லாத இடங்கள்

முன் கண்ணாடியில் பிளேடு வைக்கலாம், கண்ணாடி நன்றாக நனைந்திருக்க வேண்டும், பிளேடு சாய்ந்திருக்க வேண்டும். பின் கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய ஹீட்டர் கோடுகள் ஓடும் வண்டியில் அங்கே பிளேடு வேண்டாம். ஹெட்லைட் மூடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக். தின்னரும் பெட்ரோலும் பட்டால் உள்ளுக்குள் சிலந்தி வலைபோல் விரிசல் ஓடும், அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை. அங்கே தேங்காய் எண்ணெய், ஷாம்பு தவிர வேறு எதுவும் வேண்டாம். கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் மண்ணெண்ணெய் வகைகள் பட்டால் ஊதிவிடும். பக்கத்தில் வேலை செய்யுமுன் மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

முடித்தபின்

தேங்காய் எண்ணெயோ டர்பென்டைனோ தொட்ட இடத்தை இரண்டு முறை ஷாம்பால் கழுவுங்கள். எண்ணெய்ப் படலம் மிச்சமிருந்தால் சாயங்காலத்துக்குள் அந்த இடம் மட்டும் புழுதி பிடித்து மங்கலாகத் தெரியும். காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து துணியில் தெளித்துத் துடைத்தால் மீதியும் போகும்.

இப்போது அந்த இடத்தில் பழைய வாக்ஸ் இருக்காது. பசையை இளக்கிய அதே பொருள் வாக்ஸையும் எடுத்திருக்கும். உப்புக் காற்று அடிக்கும் ஊரில் வெறும் கிளியர் கோட்டை அப்படியே விடக் கூடாது. சுண்டுவிரல் நகத்தளவு வாக்ஸ் ஒரு கதவின் பாதிக்குப் போதும், மெல்லியதாகப் பூசி ஐந்து முதல் பத்து நிமிடத்தில் மங்கல் பூத்ததும் துடையுங்கள். நமக்கு ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் என்பதால் ஜூன் மழைக்கு முன் ஒரு முறையும் அக்டோபர் மழைக்கு முன் ஒரு முறையும் முழு வண்டிக்கும் பூசுவது நல்ல பழக்கம். அடுத்த முறை தெறிக்கும் பால் வாக்ஸின் மேல்தான் ஒட்டும், எடுக்கப் பாதி நேரம் போதும்.

டர்பென்டைன் துணிகளை டிக்கியில் அடைக்காதீர்கள். அடுப்புக்குத் தூரமாக வெளியில் விரித்துக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள். மீந்த கரைப்பானை வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றுவது வேண்டவே வேண்டாம். ஊரே குளிக்கும் தண்ணீர் அது.

தப்பு நடந்துவிட்டால்

ஏற்கெனவே யாரோ தின்னரால் துடைத்து, அந்த இடம் வெளுத்து ஒட்டுவதுபோல் இருக்கிறதா? உடனே தேய்க்காதீர்கள். இளகிய பூச்சைத் தேய்த்தால் அது கையோடு வந்துவிடும். தண்ணீர் மட்டும் ஊற்றி, நிழலில் இரண்டு நாள் விடுங்கள். உள்ளே ஏறிய தின்னர் ஆவியானால் பூச்சு பல நேரங்களில் மறுபடி இறுகும். அதன்பின் மங்கல் மட்டும் இருந்தால் மென்மையான பாலிஷைக் கையால் போட்டால் பளபளப்பு வரும். ரப்பிங் காம்பவுண்ட் இன்னும் முரடு, அது ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் ஒரு பகுதியைச் சீவித்தான் பளபளக்க வைக்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் கடைசியில் நிறப்பூச்சு வெளியே வந்துவிடும்.

கீறலோ எச்சக் குழியோ இருந்தால் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தடையில்லாமல் வழுக்கிப் போனால் பாலிஷில் போகும். நகம் மாட்டினால் பாலிஷுக்கு எட்டாத ஆழம். பெயிண்டரிடம் காட்டும்போது என்ன ஊற்றினீர்கள், எத்தனை நிமிடம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சிலிகான் கலந்த எதையாவது பூசியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அது தெரியாமல் மேலே அடித்தால் புதுப் பெயிண்டில் மீன்கண் போலக் குழி குழியாக விழும்.

அடுத்த கல்யாணத்துக்கு முன்

அலங்காரக்காரர் வந்ததும், பெயிண்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பை முதலில் தகட்டில் ஒட்டச் சொல்லி, மற்ற டேப்பெல்லாம் அதன் மேலேயே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ரிப்பனைக் கதவு இடுக்கிலும் வைப்பர் அடியிலும் கட்டினால் பாதிக்குமேல் டேப்பே வேண்டியிருக்காது. க்ளூ கன்னில் உருக்கிய பசையைத் தகட்டில் வைக்க விடாதீர்கள். பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீடு வந்து சேர்ந்த அன்று இரவே, பூ வாடும் முன், டேப் எல்லாவற்றையும் உரித்துவிடுங்கள். மாஸ்கிங் டேப்பும் இரண்டு பகல் வெயில் பார்த்தால் சாதா டேப் மாதிரியே ஒட்டிக்கொள்ளும்.